தணிகை வேலனும் வெட்சி மலரும்

தொண்டை நாட்டின் வடபால், திருவேங்கட மலைத்தொடரை நோக்கி நிற்கும் குன்றுகளுள் தலைசிறந்தது திருத்தணிகை. அரக்கோணம் சந்திப்பிலிருந்து ரேணிகுண்டா நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் ஏறத்தாழப் பதின்மூன்று கிலோமீட்டர் சென்ற அளவில், அன்பர்களின் கண்ணுக்கு அக்குன்று புலனாகும். ஆண்டின் நாட்களை நினைவூட்டும் 365 படிகளை ஏறிச் சென்றால், வள்ளி தெய்வயானை மணவாளனாகிய முருகப் பெருமான் அங்கே அமைதித் திருக்கோலத்தில் எழுந்தருளியிருக்கிறான். சூரனோடு செய்த பெரும் போரும், வள்ளி பொருட்டு வேடரோடு செய்த சிறு போரும் முடிந்தபின், சினம் தணிந்து அப்பெருமான் இருந்த மலையாதலின் தணிகை எனப் பெயர் பெற்றது என்பது தலபுராண மரபு. செருத்தணி என்னும் பெயரும் இக்கருத்தையே சொல்லும்.

இம்மலைக்கு மலரால் வந்த பெயர்களும் உண்டு. காவிமலை, நீலோற்பலகிரி, கல்லாரகிரி என்பன அவற்றுட் சில. இந்திரன் இங்கே சுனையொன்றில் செங்கழுநீரை நட்டு வளர்த்து, அம்மலர் கொண்டு நாள்தோறும் முருகனை வழிபட்டான் என்பர். காலை, நண்பகல், மாலை என ஒவ்வொரு போதுக்கும் ஒரு பூ மலர்ந்த அற்புதத்தைக் கந்தபுராணம் பேசுகிறது. கச்சியப்ப முனிவர் அருளிய தணிகைப் புராணம் இத்தலத்தின் பெருமையை விரித்துரைக்கிறது. ஆகவே தணிகையின் நீர்ப்பூ உலகறிந்தது. ஆனால் முருகனுக்கே உரியதாகத் தமிழ் மரபு போற்றிய செடிப்பூ ஒன்று உண்டு. அதுவே வெட்சி. இன்று பலர் அதனைப் பூங்காக்களிலும் வீட்டு வாயில்களிலும் நாள்தோறும் கண்டும், அது வெட்சி என்று அறியாமலே கடந்து செல்கின்றனர். அதன் வரலாற்றையும் இயல்பையும் அறிவது குடமுழுக்குக் காணும் அன்பர்க்கு இன்பமும் பயனும் தருவதாகும்.

நால்வகைப் பூ

தமிழர் பூக்களை நான்காக வகுத்தனர். மரத்திலும் செடியிலும் கிளைகளில் மலர்வது கோட்டுப்பூ. கொடியில் மலர்வது கொடிப்பூ. நீரில் மலர்வது நீர்ப்பூ. நிலத்தை ஒட்டி மலர்வது நிலப்பூ. திருப்புகலூரில் வாழ்ந்த முருக நாயனார் விடியற்காலையில் எழுந்து, இந்நால்வகைப் பூக்களையும் தனித்தனிக் கூடைகளில் கொய்து, இறைவனுக்கு மாலைகளாகத் தொடுத்துச் சாத்தினார் என்று பெரியபுராணம் கூறுகிறது. நாயனார் ஒருவர் மாலைத் தொண்டினாலேயே வீடுபேறு எய்தினார் என்றால், பூவுக்குச் சைவம் அளித்த மதிப்பு எத்தகையது என்பது விளங்கும். இப்பகுப்பின்படி செங்கழுநீர் நீர்ப்பூ, வெட்சி கோட்டுப்பூ.

இவ்விரு மலர்களையும் ஒருங்கே வைத்துப் பார்த்தவர் நக்கீரர். பத்துப்பாட்டுள் முதலாவதாகவும், பதினோராந் திருமுறையுள் ஒன்றாகவும் விளங்கும் திருமுருகாற்றுப்படையில், முருகனைப் பாடி ஆடும் சூரர மகளிரின் கூந்தல் ஒப்பனையை அவர் காட்டுகிறார். அம்மகளிர் சிவந்த காம்பையுடைய வெட்சியின் சிறிய இதழ்களை இடையிடையே வைத்து, அவற்றோடு குவளையின் இதழ்களையும் கிள்ளி இட்டுக்கொள்கின்றனர். செம்மையும் கருநீலமும் கலந்த அவ்வழகு, முருகனின் செம்மேனியையும் அவன் ஏறும் மயிலின் நீலத்தையும் நினைவூட்டும். அந்நூல் ஐந்தாவதாகப் பாடும் குன்றுதோறாடல், திருத்தணிகையைத் தலைமையாகக் கொண்ட குன்றுகளைக் குறிப்பது என்பது அடியார் வழக்கு.

சங்கப் புலவர் கண்ட வெட்சி

சங்கப் புலவர்கள் செடிகொடிகளை அருகிருந்து கண்டு பாடியவர்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் மலைமகளிர் கொய்து குவித்த தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கிச் சொல்லும்போது, முதல் வரிசையிலேயே குறிஞ்சிப் பூவை அடுத்து வெட்சியை வைக்கிறார். புறநானூற்றில் அவர் பாடிய வேறொரு பாட்டில், வெட்சி மிகுந்த காட்டில் வேட்டுவர் துரத்த ஓடும் கடமையின் ஏறு, தன் குளம்பால் மலைச்சாரலைக் கிளறிப் பொன்னும் மணியும் வெளிப்படச் செய்கிறது. வெட்சி அக்காலத்தில் காடாகவே மண்டிக் கிடந்தது என்பதற்கு இது சான்று.

அகநானூற்றுப் புலவர் ஒருவர் இன்னும் நுணுகிப் பார்த்தார். வெட்சியின் அரும்பு, கவுதாரி இனத்ததாகிய இதல் என்னும் பறவையின் கால்முள்ளை ஒத்திருப்பதாக அவர் உவமை கூறினார். வெட்சியின் அரும்பைக் கையில் எடுத்துப் பார்ப்பவர்க்கு இவ்வுவமையின் நயம் உடனே புலப்படும். மெல்லிய நீண்ட காம்பும் கூரிய நுனியும் கொண்டு, நேர் நிமிர்ந்து நிற்பது அவ்வரும்பு. மலாய் மொழியினர் இச்செடியை ‘ஜாரும்’ என்பர். ஊசி என்பது அச்சொல்லின் பொருள். புலவன் அதில் பறவையின் முள்ளைக் கண்டான்; மலாய் நாட்டார் ஊசியைக் கண்டனர்; முருகனடியார்க்கோ அது வேலாகவே தோன்றும். ஒரு கொத்தில் அறுபது வரையில் அரும்புகள் நிமிர்ந்து நிற்கும் காட்சி, வேற்படை அணிவகுத்தது போல்வதாகும்.

வெட்சித் திணை

பூவொன்று போர்முறைக்கே பெயரானது தமிழில் காணும் தனிச்சிறப்பு. பகைவரின் ஆநிரையைக் கவர்ந்து வருதல் வெட்சி. அதனை மீட்டல் கரந்தை. கவரச் செல்லும் வீரர் வெட்சிப் பூவைச் சூடிச் சென்றனர். தொல்காப்பியம் புறத்திணையுள் முதலாவதாக வெட்சியை வைத்து, அது குறிஞ்சித் திணைக்குப் புறமாகும் என்று வகுத்தது. ஆசிரியர் ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையும் வெட்சிப் படலத்தையே முதலில் வைத்துத் தொடங்குகிறது.

மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்கு, ஆநிரை கவரும் வெட்சி எவ்வாறு புறமாயிற்று என்பதை உரையாசிரியர்கள் ஆராய்ந்தனர். குறிஞ்சி ஒழுக்கம் களவு. நிரை கவர்தலும் களவு. குறிஞ்சிக்குரிய பொழுது யாமம். நிரை கவர்தலும் இரவில் நிகழ்வது. குறிஞ்சியின் நிலம் மலைச்சாரல். நிரை மேய்வதும் ஆங்கே. இவ்வொப்புமைகளைக் கொண்டே இரண்டும் அகமும் புறமுமாக இணைந்தன. குறிஞ்சிக்குத் தெய்வம் சேயோனாகிய முருகன். எனவே அகத்திலும் புறத்திலும் அந்நிலத்தின் தலைவன் அவனே ஆகிறான். வேலன் ஆடும் வெறியாட்டும் தொல்காப்பியத்தில் வெட்சித் திணையின்கண் சொல்லப்பட்டுள்ளமை இதனை வலியுறுத்தும்.

முருகன் வள்ளியைக் கொண்ட கதையும் இங்கே எண்ணத்தக்கது. திருத்தணிகையிலிருந்து மேற்கே உள்ள வள்ளிமலைத் தினைப்புனத்தில், வேடர்கோமான் மகளை அவன் களவிலே கண்டு, களவிலே கொண்டு சென்றான். தொடர்ந்து வந்த வேடர் எதிர்த்தனர், போர் மூண்டது, வீழ்ந்தவர் வள்ளியின் வேண்டுகோளால் உயிர் பெற்று எழுந்தனர். நிரை கவர்வோன் சூடும் பூ, உயிர்களைக் கவர்ந்து ஆட்கொள்வோன் சூடும் பூவாக மாறிய நயம் இக்கதையிலே தெளிவாகிறது. ‘பசு’ என்பது ஆவுக்கும் பெயர். சைவ சித்தாந்தத்தில் உயிருக்கும் பெயர். பாசமென்னும் தொழுவத்திற் கட்டுண்ட பசுக்களை மீட்டுக் கொண்டுபோகும் பதிக்கு வெட்சி மாலை எவ்வளவு பொருத்தமானது என்பது சொல்லாமலே விளங்கும். அருணகிரிநாதர் கடம்பையும் வெட்சியையும் முருகனுக்குரிய மலர்களாகப் பாடிப் பரவியதன் உட்கருத்தும் இதுவே என்று கொள்ளலாம்.

நடுகல்லும் குடமுழுக்கும்

வெட்சித் திணைக்கும் குடமுழுக்குக்கும் உள்ள தொடர்பு ஆழமானது. ஆநிரைப் போரிலே வீழ்ந்த வீரனுக்குக் கல் நாட்டும் முறையைத் தொல்காப்பியம் இத்திணையிலேயே கூறுகிறது. தக்க கல்லைத் தேடிக் காணுதல் காட்சி. அதனைக் கொள்ள நாட்கொள்ளுதல் கால்கோள். நீரில் ஆட்டுதல் நீர்ப்படை. நிலைபெற நிறுத்துதல் நடுகல். படையலிட்டுச் சிறப்புச் செய்தல் பெரும்படை. போற்றிப் பரவுதல் வாழ்த்து. இளங்கோவடிகள் சிலப்பதிகார வஞ்சிக் காண்டத்தில் காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை என்று பெயரிட்டதும் இம்முறையைத் தழுவியே ஆகும். அங்கே வீரனுக்கு உரிய சிறப்பு, பத்தினித் தெய்வத்திற்கு உரியதாயிற்று.

கல்லை ஆராய்ந்து தேர்தல், நல்ல நாள் கொள்ளுதல், நீராட்டுதல், நிலைபெறுத்தல், வழிபடுதல் என்னும் இப்படிகளைக் காணுந்தோறும், இன்று திருக்கோயில்களில் நிகழும் பிரதிட்டையும் குடமுழுக்கும் அன்பர் நினைவுக்கு வரும். ஆகமங்கள் வகுத்த கிரியைகள் தனிச்சிறப்பும் விரிவும் உடையன. எனினும் கல்லிலே தெய்வத்தை நிறுத்தி, நீரால் ஆட்டி, மலரால் போற்றும் உள்ளம் இந்நிலத்தில் பழமையாகவே வேரூன்றியிருந்தது என்பதற்கு வெட்சித் திணை சான்றாக நிற்கிறது.

இது ஏட்டில் மட்டும் காணும் செய்தியன்று. பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தின் செங்கம் பகுதியில் பல்லவர் காலத்து நடுகற்கள் பல கிடைத்துள்ளன. தமிழ்நாட்டுத் தொல்பொருள் ஆய்வுத்துறை அவற்றைத் தொகுத்து 1972-ஆம் ஆண்டு ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூலாக வெளியிட்டது. ஆநிரையைத் ‘தொறு’ என்று குறித்து, தொறு மீட்டு வீழ்ந்தான் இன்னான் என்று அக்கற்கள் பொறித்து வைத்துள்ளன. வில்லும் வாளும் ஏந்திய வீரர் உருவங்களை இன்றும் பல ஊர்களில் வேடியப்பன் என்றும் வேறு பெயர்களாலும் மக்கள் வழிபட்டு வருகின்றனர்.

எல்லையில் நின்ற மலை

தணிகை அமைந்த நாடு பழமையாகவே எல்லை நாடு. பல்லவர், சோழர் காலங்களில் இப்பகுதி சிறப்புற்றிருந்தது. திருத்தணிகை வீரட்டானேசுவரர் திருக்கோயில் அபராசிதவர்ம பல்லவன் காலத்துக் கற்றளி. 1977-ஆம் ஆண்டு திருத்தணியை அடுத்த வேளஞ்சேரியில் அவ்வரசனின் செப்பேடும், முதற் பராந்தக சோழனின் செப்பேடும் கிடைத்தன. வடக்கே படை நடத்திய வேந்தர் அனைவரும் இக்குன்றின் அடிவாரத்தைக் கடந்தே சென்றிருத்தல் வேண்டும்.

அண்மைக் காலத்திலும் எல்லைச் சிக்கல் இவ்வூரைத் தொட்டது. 1911-இல் அமைக்கப்பெற்ற சித்தூர் மாவட்டத்தில் திருத்தணி சேர்ந்திருந்தது. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் தோன்றியபோது சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணியும் அங்கே சென்றது. சிலம்புச் செல்வர் ம. பொ. சிவஞானமும், அரக்கோணத்தை அடுத்த குருவராயப்பேட்டையிலிருந்து தமிழ் வளர்த்த மங்கலங்கிழாரும், அவரோடு சேர்ந்த தொண்டர் பலரும் வடக்கெல்லைக்காகப் பாடுபட்டனர். படாஸ்கர் அவர்களின் சமரசத்தின் பயனாக 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறி, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது.

ஆயினும் மலைமேல் இருப்பவன் இருமொழியார்க்கும் பொதுவானவன். ஆடிக் கிருத்திகையன்று புட்பக் காவடி சுமந்து படியேறுவோருள் தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் கலந்தே செல்கின்றனர். வெட்சிக்குத் தெலுங்கு மொழியில் ‘நூறு வராகாலு’ என்று பெயர். நூறு வராகன் பொன் என்பது அதன் பொருள். ஒரு கொத்துப் பூவை நூறு பொற்காசாக மதித்த அந்தப் பெயர், பொருள் கொடுக்க இயலாத ஏழை அன்பனும் ஒரு பூங்கொத்தால் நூறு பொன் காணிக்கை செலுத்தலாம் என்று சொல்வது போல அமைந்துள்ளது.

ஈசுவரன் பெயர் பெற்ற செடி

வெட்சிக்கு மேலைநாட்டு அறிவியலார் இட்ட பெயர் ‘இக்சோரா காக்சீனியா’ என்பது. இப்பெயருக்கும் ஒரு வரலாறு உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் கொச்சியில் டச்சுக்காரரின் ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு என்பவர், மலையாள நாட்டுச் செடிகொடிகளை ஆராய்ந்து ‘ஹோர்டஸ் மலபாரிகஸ்’ என்னும் பெருநூலைத் தொகுத்தார். அது 1678 முதல் ஆம்ஸ்டர்டாம் நகரில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்னும் நாட்டு வைத்தியர் அதற்குத் துணைநின்றார். மலையாளத்தில் வெட்சியைச் ‘செத்தி’ என்றும் ‘தெச்சி’ என்றும் வழங்குவர். அப்பெயரைக் கொண்டே ரீடு இச்செடியைப் படத்துடன் பதிவு செய்தார்.

பின்னர் சுவீடன் நாட்டு லின்னேயசு 1753-இல் வெளியிட்ட தம் நூலில், இச்செடியின் பேரினத்துக்கு ‘இக்சோரா’ எனப் பெயரிட்டார். ஈசுவரன் என்னும் திருப்பெயரைப் போர்த்துக்கீசியர் தம் நாவுக்கேற்ப ஒலித்த வடிவமே அது. மலையாள நாட்டார் அப்பூவை ஈசுவரனுக்குச் சாத்தினர் என்று கேள்வியுற்றே அவ்வாறு பெயரிட்டார் என்பர். ‘காக்சீனியா’ என்பது இரத்தச் செந்நிறத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல். ஆக, செந்நிற ஈசுவரி மலர் என்பது அதன் பொருளாகிறது. உலகின் எந்த நாட்டு அறிஞரும் இச்செடியைக் குறிக்குங்கால், தாம் அறிந்தோ அறியாமலோ, இறைவன் திருநாமத்தையே உரைக்கின்றனர்.

தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட இச்செடி இன்று வெப்பநாடுகள் எங்கும் பரவியுள்ளது. சிங்களத்தில் இது ‘ரத்மல்’, அதாவது செம்பூ, எனப்படும். தென்னமெரிக்காவில் உள்ள சுரினாம் நாட்டின் தேசிய மலரும் வெட்சியே. ஆங்கிலேயர் இதனைக் காட்டுத்தீ என்னும் பொருள்படப் பெயரிட்டு அழைத்தனர். நம் நாட்டுச் சிறுவர்களோ, மொட்டவிழ்ந்த கொத்து உருண்டு திரண்டிருப்பது கண்டு ‘இட்லிப் பூ’ என்று அன்புடன் அழைக்கின்றனர்.

செடியின் இயல்பு

வெட்சி காப்பிச் செடியின் குடும்பத்தைச் சேர்ந்தது. மஞ்சணத்தியும் மருக்காரையும் அதன் உறவினங்கள். என்றும் பசுமை மாறாத புதர்ச்செடியாய், நான்கு முதல் பத்து அடி வரை வளரும். முள் இல்லாதது. இலைகள் தடித்து, பளபளப்பாக, ஒன்றுக்கொன்று எதிராக அமைந்திருக்கும். இலைக்காம்பு மிகச் சிறியது. கிளையின் நுனியிலேதான் பூங்கொத்து தோன்றும். ஒவ்வொரு பூவும் நீண்ட மெல்லிய குழலும், அதன் நுனியில் நான்கு இதழ்களும் உடையது. குழலின் அடியில் தேன் தங்கும். அத்தேனை எட்டும் நீண்ட உறிஞ்சு குழாய் வண்ணத்துப்பூச்சிகளுக்கு உண்டு. ஆதலால் பெரிய வண்ணத்துப்பூச்சிகள் இதனை இடையறாது நாடி வரும். சிறுவர் பூவைப் பறித்து அடியைச் சுவைத்துத் தேன் பருகுவர். ஒரு பூவின் குழலை மற்றொன்றின் வாயிற் செருகி, நாரின்றியே வளையமும் மாலையும் செய்வர். காய்கள் பட்டாணி அளவினவாய்ச் சிவந்து கறுத்துப் பழுக்கும். பறவைகள் உண்டு விதையைப் பரப்பும்.

வெட்சியென்று மயங்கற்குரிய செடிகள் சில உண்டு. வெண்ணிறக் கொத்துக்களையுடைய பாவட்டை இதன் உறவினமே எனினும் வேறு செடி. குன்றுச் சாரல்களில் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடி, தூரத்தில் வெட்சி போலத் தோன்றினும், முற்றிலும் வேறானது. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் காடுகளை அடர்த்துக் கொண்ட களை. சாலை நடுவிலும் அலுவலக வாயில்களிலும் வரிசையாக நடப்பெறும் குட்டை வெட்சிகள் பலவும் கீழைநாட்டு இனங்களிலிருந்தும் கலப்பினங்களிலிருந்தும் வந்தவை. அவை மஞ்சள், இளஞ்சிவப்பு, வெண்மை எனப் பல நிறங்களில் பூக்கும். கண்ணுக்கு அவை அழகியவையே. ஆயினும் நக்கீரரும் கபிலரும் கண்ட வெட்சி, பேரிலையும் நெடுங்குழலும் கொண்ட செந்நிற நாட்டு வெட்சியே. திருநந்தவனத்திற்கு அதனையே தேடிப் பெறுதல் தகும்.

பயன்

நாட்டு வைத்தியத்தில் வெட்சிக்கு இடமுண்டு. அதன் வேர் சீதபேதிக்கும் வயிற்றுக் கடுப்புக்கும் மருந்தாகக் கொள்ளப்பட்டது. கேரள நாட்டில் பூவைத் தேங்காய் எண்ணெயிற் காய்ச்சி, குழந்தைகளின் தோலுக்குப் பூசும் வழக்கம் இன்றும் உள்ளது. எனினும் மருந்தாக உட்கொள்வது தக்க வைத்தியரின் கருத்தறிந்தே செய்யத்தக்கது.

திருக்கோயிலுக்கு அதன் பயன் வேறு. பறித்த பின் விரைவில் வாடாமை, உதிராமை, ஆண்டு முழுதும் சிறிதளவேனும் பூத்தல், கோடையிலும் மழைக்காலத்திலும் மிகுதியாகப் பூத்தல் ஆகிய நான்கும் அதன் சிறப்புக்கள். மணம் மிகுதியும் இல்லாதது ஒன்றே குறையெனின், அதனை மருவும் மல்லிகையும் நிறைவு செய்யும்.

வளர்ப்பு முறை

வெட்சியை விதையிட்டு வளர்ப்பின் முளைப்பதற்கு நெடுநாளாகும். முற்றியும் முற்றாததுமான நடுப்பருவக் கிளையிலிருந்து நான்கு, ஐந்து விரற்கடை நீளத்தில் துண்டங்கள் வெட்டி, கீழிலைகளைக் களைந்து, மணலும் மக்கிய இலையெருவும் கலந்த மண்ணில் நிழலில் நட்டு, ஈரம் குறையாமல் காத்தல் வேண்டும். ஆடி, ஆவணி மாதங்கள் இதற்கு ஏற்றவை. பதியம் போட்டும் செடிகள் பெறலாம். வேர் பிடித்த கன்றுகளை ஐப்பசி மழை தொடங்குமுன் நிலத்தில் நட்டால், வடகிழக்குப் பருவமழையிலேயே அவை ஊன்றிக்கொள்ளும். ஒன்றரை அடி ஆழக் குழியில் செம்மண்ணும் தொழுவுரமும் இலையெருவும் சமமாகக் கலந்து நிரப்பி, செடிக்குச் செடி நான்கடி இடைவெளி விடுதல் தகும். வெயில் நன்கு படும் இடமே பூவுக்கு ஏற்றது.

கோயில் நந்தவனத்தார் குறிப்பாக அறிய வேண்டுவது ஒன்றுண்டு. வெட்சி சற்றே புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்பும். சுண்ணாம்பைச் சிறிதும் பொறுக்காது. திருப்பணி முடிந்தபின் மதிலோரத்தில் சுண்ணாம்புக் காரையும் சிமெண்டுத் துகளும் மண்ணோடு கலந்து கிடத்தல் இயல்பு. அவ்விடத்தில் நட்ட வெட்சி சில மாதங்களில் இலை மஞ்சளித்து, நரம்பு மட்டும் பச்சையாய் நின்று, பூக்காமல் மெலியும். இதனைக் கண்டு நீர் போதாமை என்று எண்ணி, உப்புக் கலந்த கிணற்று நீரை மேலும் மேலும் ஊற்றுவோர் உண்டு. நோய் அதனால் மிகுமேயன்றிக் குறையாது. மண்ணில் இரும்புச் சத்து இருந்தும், சுண்ணாம்பின் காரணமாக வேர் அதனைப் பெற முடியாமையே இந்நோய்க்குக் காரணம். காரை மண்ணை அகற்றிப் புதுச் செம்மண் இடுதலும், வேரடியில் இலைச்சருகு பரப்புதலும், மழைநீரைத் தேக்கிப் பாய்ச்சுதலும் நிலையான பரிகாரம். உடனடிப் பயனுக்கு அன்னபேதியை லிட்டர் நீருக்கு ஐந்து கிராம் வீதம் கரைத்து, மாலைப்பொழுதில் இலைமேல் தெளிக்கலாம்.

பூ கிளை நுனியில் தோன்றுவதாதலின், அடிக்கடி கத்தரித்து வேலிபோல் மட்டம் செய்தால் பூவே இராது. பூத்து ஓய்ந்தபின் ஆண்டுக்கு ஒருமுறை அளவாகக் கவாத்து செய்தல் போதும். மாவுப்பூச்சியும் செதிற்பூச்சியும் தோன்றினால் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம். இவ்வாறு பேணினால் ஒருமுறை நட்ட செடி பல பத்தாண்டுகள் நின்று பூக்கும்.

நந்தவனத் தொண்டு

பழங்காலத்தில் திருக்கோயில் என்றால் நந்தவனமும் உடன் இருந்தது. அரசரும் வணிகரும் ஊரவையாரும் நந்தவனத்திற்கு நிலம் விட்டதும், அதனைப் பேணுவோர்க்குச் சீவிதம் அளித்ததும் தமிழ்நாட்டுக் கல்வெட்டுக்களில் பரவலாகக் காணப்படும் செய்திகள். பெரியாழ்வார் வில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்தார். இராமாநுசரின் சொற்படி அனந்தாழ்வான் திருமலைக்குச் சென்று மலர்த் தொண்டு செய்தார். தணிகைக்கு வடக்கே திருமலையில் பெருமாளுக்கும், தெற்கே திருப்புகலூரில் சிவபிரானுக்கும் மலர்த்தொண்டு செய்த அடியார் வரலாறுகள், இரு சமயத்தாரும் இத்தொண்டை ஒருங்கே போற்றினர் என்பதைக் காட்டும்.

இன்றோ பெரும்பாலான திருக்கோயில்களுக்கு மலர் சந்தையிலிருந்தே வருகிறது. விலையேறும் நாளில் மாலை சிறுக்கிறது. விழா நாளில் பூ கிடைப்பதே அரிதாகிறது. சங்கப் புலவர் அறியாததும், அமெரிக்க நாட்டிலிருந்து வந்ததுமான துலுக்கச் சாமந்தி மாலைகள் மலிந்திருக்க, முருகனுக்கே உரிய வெட்சியைக் கேட்டால் பூக்கடைகளில் பெயர் அறிவாரும் அரியர். இறைவன் எம்மலரையும் ஏற்பான் என்பது உண்மை. ஆயினும் வெட்சியை மறந்தால், அதனோடு தொடர்ந்து வந்த கதையும் திணையும் பாட்டும் சேர்ந்தே மறக்கப்படும். ஒரு செடி அழியின் ஒரு நூல் அழிந்தாற் போல்வது அது.

கோபுரத்திற்கும் கலசத்திற்கும் பொருள் வழங்கிய அன்பர்களின் கொடை என்றும் போற்றத்தக்கது. அக்கொடை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுக்கப்பெறும். நந்தவனத்தில் நட்ட வெட்சியோ நாள்தோறும் கொடுத்துக்கொண்டே இருக்கும். பத்துச் செடியும் சிறிது நிலமும், அவற்றைக் காலையும் மாலையும் பார்க்க ஒருவரும் இருந்தால் போதும். கருவறையில் ஒரு நாளும் பூக்குறை வாராது. சாரலில் போருக்குச் சூடிய மலர், சினம் தணிந்த செவ்வேள் திருவடியில் அமைதிக்கு அடையாளமாய்ச் சாத்தப்பெறும் காட்சியை ஊரார் நாள்தோறும் காண்பர். குடமுழுக்கில் ஊற்றிய நீர் உலர்ந்தபின்னும், யாகசாலைப் புகை அடங்கியபின்னும், அத்திருவிழாவின் நினைவாக வெட்சி மலர்ந்து நிற்கும்.

வள்ளி மணாளன் திருவருளால் ஊரும் நாடும் நலம் பெற்று ஓங்குக. திருநந்தவனம் தழைக்க. தணிகை வேலன் தாளிணை வாழ்க.